ரோஜா இலையில் பச்சைப் புழு, பி.டி. தெளித்தும் சாகவில்லை

வணக்கம். இரண்டு முறை பி.டி. (புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) தெளித்தும் புழு அப்படியே இருக்கிறது என்றால், அது பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி வகைப் புழுவாக இல்லாமல் இருக்கலாம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பி.டி. குர்ஸ்டாகி என்ற வகை அந்த இனத்துக்குத்தான் வேலை செய்யும். ரோஜா என்பதால் என் சந்தேகம் ரம்ப ஈ (சாஃப்ளை, குளவிக்கு உறவான பூச்சி) புழுவின் மேல்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தோலுரிக்கும்போது அது மாறும். ஒரு புழுவை எடுத்து லென்ஸ் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். தலையை ஒட்டி மூன்று ஜோடி மெல்லிய கால்கள் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு, பின்னால் உள்ள சதைப்பற்றான குட்டைக் கால்களை மட்டும் எண்ணுங்கள். ஐந்து ஜோடி அல்லது குறைவு என்றால் அந்துப்பூச்சி வகை. ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் ரம்ப ஈ. அறவே இல்லையென்றால் வண்டின் புழுவாக இருக்கலாம். கடைசி ஜோடி வால் நுனியில் ஒட்டியிருக்கும், பலர் அதை எண்ண மறந்துவிடுகிறார்கள்.

ரம்ப ஈ என்றால், சோப்பு நீர் உள்ள கிண்ணத்தைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். மிச்சத்துக்குச் செடிகளுக்கான பூச்சிக்கொல்லிச் சோப்பை லேபிள் அளவில் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். புழுவின் மேல் நேரடியாகப் பட்டால்தான் பலன், காய்ந்த பிறகு ஒன்றும் செய்யாது. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், இலை கருகும்.

புழுவின் முதுகில் அரிசி போன்ற வெள்ளைக் கூடுகள் இருந்தால் அதைக் கொல்லாதீர்கள். அவை ஒட்டுண்ணிக் குளவியினுடையவை.