அண்டாவின் அடியில் படியும் வெள்ளைப் பொடி: ரீஃப் தொட்டிக்குக் கடல்நீர் கலக்கும் முறை

கேள்வி: காரைக்குடியில் 200 லிட்டர் ரீஃப் தொட்டி, அதாவது பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேன். வீட்டில் தலைமுறையாக இருக்கும் பித்தளை அண்டாவில் ரீஃப் உப்பை (கடல்நீர் தயாரிக்க விற்கும் உப்புக் கலவை) கொட்டி, அதன்மேல் சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரத்தில் தொட்டியில் விடுகிறேன். அண்டாவின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிகிறது. தண்ணீர் மாற்றியபின் மென்பவளங்கள் இரண்டு நாள் சுருங்கிக் கிடக்கின்றன. இதற்குப் பதிலாக முற்றத்து மழைநீரையோ தொண்டிக் கடல்நீரையோ பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் அந்த அண்டாவை இந்த வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். ஈயம் பூசாத பித்தளையில் புளியும் உப்பும் பட்டால் களிம்பு ஏறும் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிந்ததே. கடல்நீரின் உப்பு அதைவிட வேகமாகச் செம்பைக் கரைக்கும். மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்கு மருந்தாகத் தரும் செம்பின் அளவே பவளங்களையும் இறால்களையும் நத்தைகளையும் கொல்லப் போதுமானது. உங்கள் மென்பவளங்கள் சுருங்குவதற்கு முதற்காரணமாக நான் சந்தேகிப்பது இதைத்தான். ஈயம் பூசிய பாத்திரமும் வேண்டாம், பூச்சு எங்கே கீறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. உணவுப் பொருள் வைக்கும் தரத்தில் உள்ள பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாங்கி, வேறு எதற்கும் தொடாமல் இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பச் சேர்க்கும் திருகோ, தாதுப்புகளைக் கூட்டும் குடுவையோ இருக்கும். சில இயந்திரங்கள் உடலுக்கு நல்லதென்று செம்பையே சேர்க்கின்றன. குடிக்க அது சரிதான், பவளத்துக்கு ஆகாது. இத்தகைய சேர்க்கைகள் எதுவும் இல்லாத ஆர்.ஓ. நீரை, மிச்சமிருக்கும் தாதுக்களைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் நிரப்பிய குழாய் வழியாக இறக்கி, கரைந்த பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் தண்ணீரில் மட்டுமே உப்பைச் சேர்க்க வேண்டும். மீட்டர் 2, 3 என்று ஏறத் தொடங்கினால் பிசினை மாற்றும் வேளை வந்துவிட்டது என்று பொருள். முற்றத்து மழைநீர் இயல்பில் மென்மையானதுதான் என்றாலும், ஓட்டின் தூசியையும் பறவை எச்சத்தையும் தகரத் தூம்பின் துத்தநாகத்தையும் சுமந்துகொண்டே இறங்குகிறது; அதையும் ஆர்.ஓ., டி.ஐ. இரண்டிலும் வடித்த பிறகே எடுக்கலாம். தொண்டிக் கடல்நீரை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாக் நீரிணை ஆழம் குறைந்த, சேறு கலங்கும் கடல். கரையோரம் படகு எண்ணெயும் மழைக்காலத்தில் நன்னீரும் கலக்கும்.

இனி அந்த வெள்ளைப் பொடி. ரீஃப் உப்பு என்பது கல்லுப்பின் வேறொரு வடிவம் அன்று. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் சேர்மங்கள் முதலில் படிந்து பிரிந்துவிடுகின்றன, பிறகு சோடியம் குளோரைடு படிகிறது, மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் கடைசியில் வெளியேற்றப்படுகிறது. ஆகவே கல்லுப்பைத் திரும்பக் கரைத்தால் கடல்நீர் கிடைக்காது. அப்படி விடுபடும் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் ரீஃப் உப்பில் உலர்ந்த நிலையில் ஒன்றாக இருக்கின்றன. நீங்கள் உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீரை ஊற்றும்போது, முதல் சில நிமிடங்களுக்கு அடியில் மிக அடர்ந்த குழம்பு ஒன்று உண்டாகிறது. அந்த அடர்த்தியில் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல் எந்தப் பொருளோ அதே பொருளாகப் படிந்துவிடுகின்றன. ஒருமுறை படிந்துவிட்டால், பிறகு எவ்வளவு நேரம் கலக்கினாலும் அது திரும்பக் கரையாது. பவளம் தன் கூட்டைக் கட்டுவதற்காக நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள் அண்டாவின் அடியில் வீணாகிறது. எனவே எப்போதும் தண்ணீர் முதலில், உப்பு பிறகு. பவர்ஹெட்டை (நீருக்குள் வைத்து நீரைச் சுழற்றும் சிறு மோட்டார்) ஓடவிட்டு, நீர் நன்றாகச் சுழலும்போது, ஒரு கைப்பிடி கரைந்த பிறகே அடுத்த கைப்பிடியைப் போடுங்கள்.

வெப்பமும் இதே தீங்கைச் செய்யும், ஏனென்றால் சூடு ஏற ஏறக் கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் குறைகிறது. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்காத குறையாக இருக்கும்; அதில் உப்பைப் போடாதீர்கள். முந்தைய இரவே வடித்து, வெயில் படாத உள்ளறையில் வைத்து, 25 பாகை செல்சியசுக்கு வந்தபின் கலக்குங்கள்.

அளவைப் பொறுத்தவரை, பெரும்பாலான ரீஃப் உப்புகளில் லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் வரை பிடிக்கும். 20 லிட்டருக்கு 700 கிராமில் தொடங்கி, கரைந்தபின் அளந்து பார்த்துக் கூட்டுவதே பாதுகாப்பு. இலக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புத்தன்மை, அதாவது 25 பாகையில் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறத்தாழ 1.026. உப்புத்தன்மையை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் 33 காட்டினால் இன்னும் சுமார் 40 கிராம் சேருங்கள். 37 காட்டினால் சுமார் 1.1 லிட்டர் வடிநீர் (ஆர்.ஓ., டி.ஐ. இரண்டிலும் வடித்த, உப்புச் சேர்க்காத நீர்) விடுங்கள். கருவியை வெறும் வடிநீரில் 0 வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது, 35 என்ற இடத்திலும் சரிபார்க்க வேண்டும். அதற்கான திரவம் கிடைக்காவிட்டால், ஈரமில்லாத தூய சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் வடிநீரில் கரையுங்கள். கருவி அதில் 35 காட்ட வேண்டும். தராசு துல்லியமாக இல்லாவிட்டால் இந்த வழி பயன்படாது.

அரை மணி நேரம் போதாது. கரையாத ஒரு பரல் பவளத்தின் சதைமேல் விழுந்தால் அந்த இடம் வெந்ததுபோல் ஆகிவிடும். பவர்ஹெட் ஓட, நீர் கண்ணாடி போல் தெளிந்து, காற்றோடு கலந்து நிலைபெற ஓர் இரவு விடுவதே என் வழக்கம். ஆனால் சில நிறுவனங்களின் உப்பைக் கரைத்த நீர் நெடுநேரம் கலக்கினால் மங்கலாகும், அதைச் சீக்கிரம் பயன்படுத்தச் சொல்லி உறையிலேயே எழுதியிருப்பார்கள், அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

உப்பு மூட்டையை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் திறந்து வைக்காதீர்கள். ஊறுகாய் ஜாடியைப் போல் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். கல்லாக இறுகிய உப்பில் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அந்த வேலை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

இந்த வாரம் பவர்ஹெட்டுகளையும் ஹீட்டரையும் நிறுத்திவிட்டு 20 லிட்டரை வெளியே எடுங்கள். ஹீட்டர் காற்றில் நின்று எரிந்தால் கண்ணாடி வெடிக்கும். புது நீரைச் சம்ப் (தொட்டியோடு குழாயால் இணைந்த வடிகட்டித் தொட்டி) வழியாக மெதுவாக விடுங்கள். நீர் ஆவியாகிக் குறையும்போது ஈடுகட்ட உப்பில்லாத வடிநீர் மட்டுமே, உப்பு ஆவியாவதில்லை. கூடவே செம்புச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கித் தொட்டி நீரைச் சோதியுங்கள். செம்பு தெரிந்தால் புதிய ஆக்டிவேட்டட் கார்பனைப் போட்டு, இரண்டு நாளைக்கொரு முறை 20 லிட்டர் என்று, அது முற்றிலும் மறையும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.