புதைக்கிறவங்க எல்லாம் மதம் மாறினவங்களா?

கேள்வி: இந்துக்கள் பிணத்தை எரிப்பார்கள் என்றால், தாழியில் புதைத்த பழந்தமிழர்கள் என்ன மதம்? இன்றும் புதைக்கும் குடும்பங்கள் மதம் மாறியவர்களா?

நீங்க அனேகமா எரிக்கிற குடும்பத்துல பொறந்தவங்களா இருக்கணும், சாவு வீடுன்னா கொள்ளி, மறுநாள் எலும்பு பொறுக்கி ஆத்துல கரைக்கிறதுன்னு மட்டும்தான் பாத்திருப்பீங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இந்த ரெண்டாவது வரி இருக்கே, அது எனக்கு சுருக்குன்னு குத்துச்சு, அதான் ராத்திரி உக்காந்து டைப் பண்றேன்.

எங்க ஊரு தாமிரபரணிக் கரை. நாங்க புதைக்கிறவங்க. எங்கப்பா தவறினப்போ குளிப்பாட்டி, நெத்தி நிறைய திருநீறு பூசி, நெத்திக்காசு வச்சு, வாய்க்கரிசி போட்டு, தெக்க தலை வச்சு இறக்கினாங்க. குழிக்குள்ள உப்பும் திருநீறும் கொட்டி, எல்லாரும் ஆளுக்கு மூணு பிடி மண்ணு போட்டாங்க. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு சென்னையிலேர்ந்து வந்த ஒரு சொந்தக்காரர், நல்லா படிச்சவர், பந்தியில உக்காந்துக்கிட்டு எல்லார் முன்னாடியும் "ஏன் புதைச்சீங்க, நீங்க கன்வெர்ட் ஆயிட்டீங்களா"ன்னு கேக்கிறார். வருஷா வருஷம் திருச்செந்தூருக்கு நடந்தே போய்ட்டு வந்த மனுஷனைப் பத்தி! எங்கம்மா ஒண்ணும் பேசாம எந்திரிச்சு உள்ள போயிட்டா. அன்னைக்கு பந்தியில வச்சு அவரைத் திருப்பிக் கேக்க முடியல, வந்த இடத்துல சண்டை வேண்டாம்னு பெரியவங்க கையமத்திட்டாங்க. அவருக்குச் சொல்ல நினைச்சதை உங்களுக்குச் சொல்றேன், கோபமா எடுத்துக்காதீங்க.

எங்களுக்குப் பக்கத்துலதான் ஆதிச்சநல்லூர், பழங்காலத்து இடுகாடு இருக்கிற ஊர். 1876ல யாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டி கிடைச்சதை பெர்லினுக்கு கொண்டு போனார், அப்புறம் 1899லேர்ந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரியா தோண்டினார், 2004ல தொல்லியல் துறை தோண்டினப்போ 160க்கும் மேல தாழி, அதாவது பிணத்தை வச்சுப் புதைக்கிற பெரிய மண்பானை, வந்துச்சு. அதுல எடுத்த ரெண்டு சாம்பிளுக்கு கி.மு. 905, கி.மு. 696னு காலம் சொல்லியிருக்காங்க. அந்தப் பக்கம் சிவகளையில ஒரு தாழிக்குள்ள இருந்த நெல்லுக்கு கி.மு. 1155. அந்தக் காலத்துல கிறிஸ்துவும் பொறக்கல, நபியும் பொறக்கல, பின்ன எதுலேர்ந்து எதுக்கு மாறினாங்க?

தாழிக்குள்ள கை கால மடக்கி உக்கார வச்ச மாதிரி எலும்புக்கூடு. கூடவே நெல்லு, இரும்பு ஈட்டி, வெண்கலத்துல நாய், எருமை, கோழி. தங்கத்துல மெல்லிசா நெத்திப்பட்டம், ரெண்டு ஓரமும் கயிறு கோக்க ஓட்டை போட்டது. அந்தப் பட்டத்தையும் நெல்லையும் பத்திப் படிக்கும்போது எனக்கு அப்பா நெத்தியில வச்ச காசும் வாய்க்கரிசியும்தான் ஞாபகம் வந்துச்சு. உடனே ஆதாரம் எங்கன்னு சண்டைக்கு வராதீங்க, இது ஆராய்ச்சி முடிவுன்னு நான் சொல்லல, ஒரு மக மனசுக்குத் தோணுனது. செத்தவன் எங்கயோ போறான், வெறுங்கையோட அனுப்பக் கூடாதுங்கிற எண்ணம் மட்டும் ரெண்டுலயும் இருக்கு.

புறநானூறு 256ல ஒரு பொண்ணு புருஷனைப் பறிகொடுத்துட்டு குயவர்கிட்ட கேக்கிறா, வண்டிச் சக்கரத்து ஆரக்கால்ல ஒட்டிக்கிட்ட பல்லி மாதிரி இவர் கூடவே வந்தவ நான், எனக்கும் சேர்த்து இடம் இருக்கிற மாதிரி தாழியை அகலமா வனைங்கன்னு. இதைப் படிச்சிட்டு அவ என்ன மதம்னு எப்படிங்க கேக்கத் தோணும்?

மணிமேகலையில காவிரிப்பூம்பட்டினத்து சுடுகாட்டைச் சொல்றப்போ "சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்"னு வருது. எரிக்கிறவங்க, அப்படியே போட்டுட்டு வர்றவங்க, குழியில புதைக்கிறவங்க, அறை மாதிரி கட்டி அடைக்கிறவங்க, தாழியால மூடுறவங்க, எல்லாரும் ஒரே ஊருக்குள்ள. சரி, தமிழ் நூல் வேண்டாம், வேதம்தான் வேணும்னா ரிக் வேதம் பத்தாம் மண்டலம் 18வது சூக்தம் பாருங்க, அம்மா புள்ளைய முந்தானையால மூடுற மாதிரி பூமியே இவனை மூடிக்கோன்னு இருக்கு. இன்னைக்கும் சன்னியாசிகளை சமாதி வைக்கிறாங்க, கர்நாடகப் பக்கம் சிவனைக் கும்பிடுற லிங்காயத்துகள் உக்கார வச்சே புதைக்கிறாங்க.

வெளிநாட்டுலயும் இதே கதைதான். ரோம்ல கொர்னீலியர் வம்சம் பரம்பரையா புதைச்சவங்க, ஆனா கி.மு. 78ல அந்த வம்சத்துத் தளபதி சுல்லா செத்தப்போ அவரை எரிச்சாங்க. ஏன்னா அவர் தன்னோட எதிரி மாரியஸோட பிணத்தைத் தோண்டி வெளிய போட வச்சவர், தனக்கும் அதே கதி வந்துடும்னு பயம். மதம் மாறல, பயத்துல வழக்கம் மாறிச்சு. அப்புறம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுல அதே ரோமானியர்கள் திரும்ப கல்பெட்டியில வச்சு புதைக்க ஆரம்பிச்சாங்க, அப்போ கிறிஸ்தவம் அரச மதம் எல்லாம் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபை 1963லேர்ந்து எரிக்கவும் அனுமதிச்சிருக்கு, இப்போ எரிக்கிற கத்தோலிக்கர் எல்லாம் இந்து ஆயிட்டாங்களா?

2016ல ஜெயலலிதாவை சந்தனப் பேழையில வச்சு மெரினாவுல அடக்கம் பண்ணப்பவும் ஏன் எரிக்காம புதைக்கிறாங்கன்னு டிவியில இதையேதான் பேசினாங்க.

எரிக்கிறவங்களைக் கொறை சொல்றேன்னு நினைக்க வேண்டாம், என் மாமனார் வீட்ல எரிக்கத்தான் செய்வாங்க, அதுவும் மரியாதைதான். ஆனா இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. எங்க ஊரு இடுகாட்டுக்குப் போற பாதையில பாதியை வேலி போட்டு மடக்கிட்டாங்க, அப்பாவைத் தூக்கிட்டு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வயல் வரப்புலதான் போகணும்னு ஆயிடுச்சு. மனு கொடுத்தா "இப்பதான் கேஸ் தகனமேடை வந்துடுச்சே, அங்க போங்களேன்"ங்கிறாங்க. எங்க தாத்தா, ஆச்சி எல்லாரும் கிடக்கிற மண்ணுங்க அது, அப்பாவை மட்டும் எப்படி வேற எங்கயாவது கொண்டு போறது? பாதையை அளந்து விடச் சொல்லி இன்னும் அலைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கோம்.

கமெண்ட்ல வந்து "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். தாழி, நெல்லு, ஆதிச்சநல்லூர் பத்தி எது கேட்டாலும் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் கண்டிப்பா பதில் சொல்றேன்.