ஒரு 'ரன்'னுக்கு எத்தனை அர்த்தம்?

கேள்வி: என் மேலாளர் ஒரு மின்னஞ்சலில், 'ப்ளீஸ் ரன் திஸ் பை ஃபைனான்ஸ் பிஃபோர் யூ சென்ட் இட்' என்று எழுதியிருந்தார். இந்த வேலையை இனி நிதிப் பிரிவுதான் நடத்த வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, கோப்பை அப்படியே அவர்களிடம் தள்ளிவிட்டேன். மறுநாள் நல்ல திட்டு. அகராதியைப் புரட்டினால் 'ரன்' என்ற ஒரு சொல்லுக்கே பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருக்கிறது. இதையெல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடம் செய்ய வேண்டாம். முடியவும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், இந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். 2011-ல் அது வெளிச்சத்துக்கு வந்தபோது 645 அர்த்தங்கள் தேறியிருந்தன. அதே அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்'தான் 430 அர்த்தங்களோடு முதலிடத்தில் இருந்தது. பயந்துவிடாதீர்கள். அந்த அகராதி ஒரு சொல்லின் முழு வரலாற்றையும் சேர்த்துவைப்பது. வழக்கொழிந்த அர்த்தங்களும், ஒரு தொழிலுக்குள் மட்டும் புழங்குபவையும் அந்த எண்ணிக்கையில் அடக்கம்.

முதலில் உங்கள் தவறைப் பார்ப்போம். உண்மையில் அது புத்திசாலித்தனமான தவறு. 'தி கேன்டீன் இஸ் ரன் பை வாலண்டியர்ஸ்' என்றால், கேன்டீனைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். அந்த 'ரன் பை' உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதையே இங்கேயும் பொருத்திவிட்டீர்கள். ஆனால் கேன்டீன் வாக்கியத்தில் உள்ள 'பை', நம் 'ஆல்' உருபு செய்கிற வேலையைச் செய்கிறது: தன்னார்வலர்களால். மேலாளர் வாக்கியத்தில் உள்ள 'பை'க்கு 'பக்கத்தில், கடந்து' என்று பொருள். இதை அவர்கள் கண்முன்னால் ஒரு தடவை ஓட்டிக் காட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள், அப்புறம் அனுப்பு என்கிறார் அவர். வேலை உங்களுடையதுதான், அவர்களிடம் கருத்து மட்டும் கேட்க வேண்டும்.

இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் வாக்கியத்திலேயே இருக்கிறது. 'ரன்'னுக்கும் 'பை'க்கும் நடுவே 'திஸ்' உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? நடுவில் 'திஸ்', 'இட்', 'தி டிராஃப்ட்' என்று ஏதாவது இருந்து, 'பை'க்குப் பின்னால் ஆளோ ஒரு பிரிவோ வந்தால், கருத்துக் கேட்கச் சொல்கிறார்கள். முன்னால் 'இஸ்', 'வாஸ்' இருந்து 'ரன் பை' ஒட்டிக்கொண்டு வந்தால், நடத்துகிறவர் யார் என்று சொல்கிறார்கள்.

சரி, இனி பெரிய கேள்விக்கு வருவோம். தமிழ் பேசுகிற உங்களுக்கு 'ரன்'னில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரியும். நம் 'ஓடு' மட்டும் என்ன சாதாரணமா? ஆள் ஓடுகிறான், ஆறு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் 100 நாள் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, மனசுக்குள் ஏதோ எண்ணம் ஓடுகிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' போடலாம். இரண்டு மொழியிலும் அடியில் இருப்பது ஒரே படம்: ஒன்று ஒரு தடத்தில் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. கால் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 'தி ரோடு ரன்ஸ் அலாங் தி ரிவர்' என்கிறபோது சாலை அசையவே இல்லை. அதன் மேல் போகிற நம் கண்தான் ஓடுகிறது. 'தி கோர்ஸ் ரன்ஸ் ஃப்ரம் மண்டே டு ஃப்ரைடே' என்றால் தடம் நாட்காட்டிக்கு மாறிவிடுகிறது, அவ்வளவுதான்.

(ஆமை ஓடும் கூரை ஓடும் இந்தக் கணக்கில் வராது. அது ஒலி ஒத்த வேறு சொல். ஆங்கிலத்தில் வௌவாலும் கிரிக்கெட் மட்டையும் 'பேட்' ஆனது போல. 'ரன்' அப்படியில்லை, எல்லாம் ஒரே குடும்பம்.)

நாம் தடுக்கி விழும் இடம் வேறு. தமிழில் தானே ஓடினால் 'ஓடு', ஒன்றை ஓடவைத்தால் 'ஓட்டு'. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்ததுதான். பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு சொற்கள் இருந்தன: தானே ஓடுவதற்கு 'ரின்னன்', அதிலிருந்து பிறந்த பிறவினைக்கு 'ஏர்னன்'. பிற்காலத்தில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டது. ஆகவே 'ஐ ரன்' என்றால் நான் ஓடுகிறேன். 'ஐ ரன் எ ஸ்கூல்' என்றால் நான் பள்ளி நடத்துகிறேன். வினையின் உருவம் மாறாது, பின்னால் செயப்படுபொருள் வந்திருக்கிறதா என்பதுதான் துப்பு.

வந்திருந்தால், அது என்ன பொருள் என்று பாருங்கள். நிறுவனம், கடை, பயிலரங்கம் என்றால் நடத்துவது. இயந்திரமோ மென்பொருளோ என்றால் இயக்குவது. சோதனை என்றால் செய்து பார்ப்பது. பத்திரிகை ஒரு செய்தியை 'ரன்' செய்தால் வெளியிடுவது. காய்ச்சலை 'ரன்' செய்தால் உடம்பு சுடுகிறது. 'ஐ வில் ரன் யூ டு தி ஸ்டேஷன்' என்று நண்பர் சொன்னால் உங்களை ஓடவிடப் போவதில்லை; வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டுவதை 'ரன் எ கார்' என்று மொழிபெயர்க்காதீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் அதற்கு கார் வைத்துப் பராமரிப்பது, பெட்ரோலுக்கும் காப்பீட்டுக்கும் செலவழிப்பது என்று பொருள். ஓட்டுவதற்கு 'டிரைவ்'தான். அதேபோல 'எனக்கு ஒண்ணும் ஓடலை' என்கிற நம் புலம்பலும் ஆங்கிலத்துக்குள் ஓடாது.

அடுத்து 'ரன்'னுக்குப் பின்னால் ஒட்டும் சின்னச் சொற்கள். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது: நேரம், காகிதம், பொறுமை எதுவானாலும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'ரன் அவுட்' என்றதும் ஸ்டம்ப் பறப்பதுதான் நினைவுக்கு வரும். 'ஆஃப்' இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். 'ரன் இன்டு' இரண்டு வேலை செய்யும். சுவரோடு வந்தால் மோதல். பழைய நண்பரோடு வந்தால் பெரும்பாலும் எதிர்பாராத சந்திப்பு. கொஞ்சம் தொல்லை கொடுப்பது 'ரன் ஓவர்'. கூட்டம் 'ரன் ஓவர்' ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. குறிப்புகளை 'ரன் ஓவர்' செய்தால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பது. வண்டி யாரையாவது 'ரன் ஓவர்' செய்தால் விபத்து. மூன்றிலும் 'மேலாக, தாண்டி' என்ற படம் இருக்கிறது. எதன் மேலாக என்பதுதான் மாறுகிறது.

அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழும் 'ரன்னிங் லேட்', 'ரன்னிங் லோ' போன்றவற்றில் 'ரன்' கிட்டத்தட்ட 'ஆகிக்கொண்டிருக்கிறது' என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. தாமதமாகிறது, கையிருப்பு குறைகிறது, அவ்வளவே.

பெயர்ச்சொல்லாக வருவதை விரைவாகப் பார்த்துவிடலாம். 'டிரை ரன்' ஒத்திகை. 'இன் தி லாங் ரன்' நீண்ட கால நோக்கில். வங்கியில் 'ரன்' என்றால் நம்பிக்கை போய் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது.

அகராதி வாங்குவதானால், கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்டதை வாங்குங்கள். 1987-ல் முதலில் வந்த காலின்ஸ் கோபில்ட் எனக்குப் பிடித்தது. அது அர்த்தத்தைத் தனிச் சொல்லாகத் தராமல், நீங்கள் ஒரு தொழிலை 'ரன்' செய்தால் இன்னது செய்கிறீர்கள் என்று முழு வாக்கியமாகச் சொல்லும். செயப்படுபொருள் அதிலேயே வந்துவிடுகிறது. உங்கள் நோட்டிலும் இப்படியே எழுதுங்கள். 'ரன்' என்று தலைப்புப் போட்டு இருபது அர்த்தம் எழுதினால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். 'ரன் எ டெஸ்ட்', 'ரன் இட் பை சம்ஒன்' என்று கண்ணில் பட்ட சொற்கூட்டை, பட்ட வாக்கியத்தோடு எழுதினால் நிற்கும். நான் மாணவர்களிடம் வாரத்துக்கு மூன்றுக்கு மேல் எழுத வேண்டாம் என்றே சொல்வேன்.

நீங்கள் பேசும்போதும் எழுதும்போதும் இத்தனை 'ரன்'களையும் இறக்க வேண்டியதில்லை. பள்ளி நடத்துவதை 'மேனேஜ்' என்றாலும், கருத்துக் கேட்பதை 'ஷோ', 'ஆஸ்க்' என்றாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிறர் சொல்வது புரிந்தால் இப்போதைக்குப் போதும். 'ஹேவ் ரேன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'ஹேவ்' வந்தால் மறுபடி 'ரன்'தான்.

அந்தக் கோப்பை நிதிப் பிரிவிடமிருந்து திரும்ப வாங்கி, அவர்கள் கருத்தைச் சேர்த்து முடித்துவிட்டீர்கள் என்றால், மேலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்: 'ஐ ஹேவ் ரன் திஸ் பை ஃபைனான்ஸ், தே ஆர் ஹேப்பி வித் இட்.'