காலையில் ஊன்றுகோல், மாலையில் வெறுங்கை: நான் நடிக்கிறேனா டாக்டர்?

"வயது 24. திருமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் வந்து, டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். முதுகெலும்பு வாதம், வலது இடுப்பும் பிடித்துவிட்டது. காலையில் ஊன்றுகோல் இல்லாமல் முடியாது; சாயங்காலம் மடக்கிப் பையில் வைத்துவிடுவேன். 'காலையில நொண்டுற, சாயந்தரம் விறுவிறுன்னு போற. சீட்டுக்காக நடிக்கிறியா?' என்று ஒரு பெரியவர் பஸ்ஸில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் இந்தப் பேச்சு நிற்குமா? 6,000 ரூபாய்க்கு 40 சதவீத ஊனம் என்று போட்டு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்."

அந்த ஆளின் நம்பரை முதலில் போனிலிருந்து அழியுங்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் வாதத்தின் குணமே தலைகீழ். மூட்டுத் தேய்மானம் என்றால் நடக்க நடக்க வலி ஏறும். உங்களுக்கு ராத்திரி படுத்துக் கிடக்கையில் இறுகி, நடமாட நடமாட இளகும். அந்தப் பெரியவருக்கு முட்டித் தேய்மானம் இருக்கலாம். தன் உடம்பை வைத்து உங்களை அளக்கிறார்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்டிருப்பார்கள்: "வலி வலது பக்கம், குச்சி ஏன் இடது கையில?" அதுதான் சரி. வலது கால் தரையில் பதியும்போது இடது கைக் குச்சியும் கூடவே ஊன்றினால்தான் இடுப்பின் பாரம் குறையும். என்னிடம் வந்த ஒரு காலேஜ் பிள்ளை, யாரோ சிரித்தார்கள் என்று வலிக்கிற பக்கமே மாற்றிப் பிடித்து, உடம்பைச் சாய்த்து நடக்கப் பழகிவிட்டது. அதை நேராக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சான்றிதழ் கண்டக்டருக்குப் பதில் சொல்லும். இலவச டிக்கெட்டுக்கு அட்டை கேட்க அவருக்கு உரிமை உண்டு. பக்கத்து சீட்டுக்காரருக்கு அது கிடையாது. அவரிடம் எக்ஸ்-ரேயை விரித்துக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். "காலைல மூட்டு இறுகிக்கிரும்ய்யா, நடந்தா இளகிரும்" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். பலர் முன்னால் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை இருக்கிறது. ஒரு கிழவர் முணுமுணுத்ததற்கெல்லாம் ஸ்டேஷன் ஏறச் சொல்லமாட்டேன்.

இப்போது அந்த 6,000. சான்றிதழுக்கும், யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. ஆன்லைனில் நீங்களே போடலாம். ஆஸ்பத்திரி டீக்கடைகளில் உட்கார்ந்திருக்கும் இந்த ஆட்கள் வாங்குகிற காசுக்குத் தருவது ஒரே யோசனைதான்: "சான்றிதழ் கொடுக்கிற டாக்டர்கள் போர்டு முன்னால கொஞ்சம் கூடுதலா நொண்டுங்க." நொண்டாதீர்கள். படுக்கவைத்து இடுப்பை மடக்கிக் கோணத்தை அளக்கிறோம். எக்ஸ்-ரேயும் கையில் இருக்கிறது. நடையும் மூட்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பொய் சொல்லிச் சலுகை வாங்கினால் 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டப்போவது நீங்கள், டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற அந்த ஆள் இல்லை. பஸ்ஸில் உங்களை நடிகன் என்கிறார்கள் என்று வருந்திவிட்டு, போர்டில் போய் நிஜமாகவே நடிப்பதா?

ஒரு விஷயம். நன்றாகக் கேளுங்கள், இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மருந்தில் குறையக்கூடிய நோய் என்றால் தற்காலிகச் சான்றிதழ்தான் கொடுப்பார்கள். அதில் காலாவதித் தேதி இருக்கும். தற்காலிகம் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை, அந்தத் தேதிவரை அது முழுச் சான்றிதழ். வாங்கமாட்டேன் என்று சண்டை போடாதீர்கள். தேதி முடிவதற்கு மூன்று மாதம் முன்பே மறுபரிசோதனைக்குப் போய்விடுங்கள். முடிந்தபின் போனால், "இன்னைக்கு எலும்பு டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். நிற்க முடியாதவனை நிற்கவைத்துத்தான் நிற்க முடியவில்லை என்று எழுதித் தருகிற ஏற்பாடு இது. இத்தனை வருடமாகச் சொல்லியும் நாலு பெஞ்சு வாங்கிப்போட ஆளில்லை.

போர்டுக்குப் போகிற அன்று ஊன்றுகோலைக் கையில் கொண்டுபோங்கள், பையில் வேண்டாம். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள். ஈரத் தரையில் வழுக்கும்.