தாடைக்கு வெளியே கம்பி: பஸ் குலுக்கினால் நகருமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "மரக்கிளை விழுந்து தம்பியின் கீழ்த்தாடை நொறுங்கி, சீழும் பிடித்துவிட்டது. முகத்துக்கு வெளியே நான்கு ஸ்க்ரூவும் ஒரு கம்பியும் போட்டிருக்கிறார்கள். கண்டி கிளினிக்குக்கு பஸ்ஸில் வரும்போது நகர்ந்துவிடுமா? கம்பி ஏன் தோலை விட்டுத் தள்ளி நிற்கிறது?"

பஸ்ஸுக்குப் பயப்பட வேண்டாம். கினிகத்தேனை வளைவுகளில் தலையும் தாடையும் சேர்ந்தேதான் ஆடும். எனக்குப் பயம் ரொட்டியைப் பற்றித்தான். மெல்லும்போது தாடைத் தசைகள் உடைந்த துண்டு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். டொக்டர் சொல்லும்வரை கஞ்சி, கடைந்த பருப்பு, மசித்த பூசணிக்காய் போதும்.

கம்பி தள்ளி நிற்பதற்கு வருகிறேன். மண்ணில் ஊன்றிய கம்பை அடியில் தள்ளினால் அசையாது, நுனியில் தள்ளினால் வளையும். ஸ்க்ரூவும் அப்படித்தான். எலும்புக்கும் கம்பிக்கும் நடுவே நிற்கும் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு ஏறக்குறைய 8 மடங்கு வளையும். ஸ்க்ரூவின் தடிமன் 2 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆனால் விறைப்பு 5 மடங்கு கூடும். ஆகவே கம்பி கிட்ட இருந்தால்தான் பலம். ஆனால் அடிபட்ட முகம் வீங்கும். ஒட்டி வைத்தால் கம்பி தோலில் புதைந்து புண்ணாகும், துடைக்கவும் இடமிருக்காது. அதனால்தான் விரல் நுழையும் அளவு விடுகிறோம். நீங்களாக அழுத்தி உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

உடைவின் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 2 ஸ்க்ரூ வேண்டும். ஒன்றுதான் என்றால் துண்டு அதைச் சுற்றியே திரும்பிவிடும்.

கம்பி முறிவது அபூர்வம். தளர்வது ஸ்க்ரூ எலும்பைப் பிடித்திருக்கும் இடம்தான். அங்கே சீழ் பிடித்தால் எலும்பு கரைந்து பிடி விட்டுப்போகும். ஒருமுறை ஒருவரின் ஸ்க்ரூவைச் சுற்றி மப்ளரின் கம்பளி நூல் இறுகிக் கிடந்தது. மெதுவாகப் பிரித்தெடுத்தேன், அடியில் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. மலைக் குளிருக்கு மப்ளர் வேண்டும்தான், ஆனால் அந்தப் பக்கம் படாமல் கட்டுங்கள். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவும் விடாதீர்கள். வார்டில் காட்டித்தந்தபடி, ஸ்க்ரூவுக்கு ஒரு புதுப் பஞ்சு எடுத்துத் துடையுங்கள். மஞ்சளும் எண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

ஸ்க்ரூ ஆடினால், மறுபடி சீழ் வந்தால், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேற்றுப்போலப் பொருந்தாவிட்டால், கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டி வாருங்கள். தோட்டத்தில் யாரிடமும் கொடுத்து இறுக்கிக்கொள்ள வேண்டாம்.