வாசகர் கேள்வி பதில்: குட்டியா, புது இனமா?

கேள்வி: மடகாஸ்கர்ல விரல் நுனியில நிக்கிற அளவுக்கு ஒரு பச்சோந்தி கண்டுபிடிச்சாங்கன்னு போட்டோ பார்த்தேன். அது வேற ஏதாவது பச்சோந்தியோட குட்டியா இருக்கக்கூடாதா? புது இனம்னு எப்படி அடிச்சுச் சொல்றாங்க? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ரொம்ப சரியா கேட்டீங்க. இதுக்குப் பதில் சொல்லாம யாராலயும் அதைப் புது இனம்னு அறிவிக்கவே முடியாது. நீங்க பார்த்தது ப்ரூக்கேசியா நானா. மடகாஸ்கரோட வடக்குல சொராட்டாங்கிற மலைக்காட்டுல, ஜெர்மனி ஆளுங்களும் மடகாஸ்கர் ஆளுங்களும் சேர்ந்து போன ஆய்வுக்குழுவுக்கு 2012ல கிடைச்சது, ஒரு ஆண் ஒரு பெண், மொத்தமே ரெண்டுதான். ஆணோட உடம்பு 13.5 மில்லிமீட்டர், வாலோட சேர்த்தா 22 மி.மீ. கிட்ட வரும். பெண் கொஞ்சம் பெருசு, வாலோட 29 மி.மீ. இத்தனூண்டு உடம்பை வெட்டிப் பார்த்தா மிச்சம் ஒண்ணும் தேறாது, அதனால வெட்டாமலே உள்ளே பார்க்கிற மைக்ரோ சி.டி. ஸ்கேன் எடுத்தாங்க. பெண் வயித்துல ரெண்டு முட்டை இருந்துச்சு! ஆணுக்கு இனப்பெருக்க உறுப்பு முழுசா வளர்ந்திருந்துச்சு, அதுவும் உடம்பு நீளத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. குட்டி முட்டை சுமக்காதுல்ல, அங்கயே உங்க சந்தேகம் தீர்ந்துடுது. அப்புறம் அதோட சொந்தக்கார இனங்களோட டி.என்.ஏ.வையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2021 ஜனவரியிலதான் ஜெர்மன் ஆய்வாளர் ஃப்ராங்க் க்ளாவோட குழு அதுக்குப் பேர் வச்சுக் கட்டுரை வெளியிட்டாங்க. செய்தியில ஏதோ ஒரே நாள்ல நடந்த மாதிரி வரும், ஆனா காட்டுல கையில எடுத்ததுக்கும் பேர் கிடைச்சதுக்கும் நடுவுல 8 வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு, அத்தனை வருஷ வேலைதான் எனக்குப் பெருசா தெரியுது.

கேள்வி: நிறம் மாத்துற பிராணியை எதை வச்சுத்தான் பிரிப்பாங்க? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: நிறத்தை மட்டும் நம்பி இறங்க மாட்டாங்க தம்பி. கோபம் வந்தா ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு, ஜோடியைப் பார்த்தா ஒண்ணுன்னு மாறும், ஆல்கஹால்ல போட்டு வச்சா இருக்கிற நிறமும் போயிடும். மண்டையோட்டு எலும்பு, மூக்கு மேல நீட்டிட்டு இருக்கிற பகுதி, செதில் அமைப்பு, ஆண் உறுப்போட வடிவம், டி.என்.ஏ., இதெல்லாம் சேர்த்துப் பார்ப்பாங்க. டி.என்.ஏ. ஒண்ணே போதும்னும் சொல்லிட முடியாது. மடகாஸ்கர்ல இருக்கிற பாந்தர் பச்சோந்தி ஊருக்கு ஊர் வேற வேற நிறத்துல இருக்கும், 2015ல ஜெனிவா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதோட ரத்தத் துளிகள்ல டி.என்.ஏ. பார்த்துட்டு இது ஒண்ணு இல்ல, 11 இனமா இருக்கலாம்னாங்க. இன்னும் அதை ஒரே இனமாத்தான் வச்சிருக்காங்க. அவசரப்பட்டுப் பிரிக்காம இருக்கிறது சரின்னுதான் நான் சொல்வேன்.

கேள்வி: நம்ம ஊர்ல எத்தனை இனம் இருக்கு? (வாசகர், சிவகாசி)

பதில்: ஒண்ணே ஒண்ணு, கமீலியோ செய்லானிக்கஸ். இலங்கையிலயும் அதேதான். 1768லயே பேர் வச்சாச்சு. உலகத்துல 200க்கு மேல இனம் இருக்கு, அதுல பாதிக்குக் கிட்ட மடகாஸ்கர்லதான்.

கேள்வி: பாவம், அதுங்களைப் பிடிச்சு பாட்டில்ல போட்டு மியூசியத்துல அடுக்கணுமா? போட்டோ எடுத்தா பத்தாதா? (வாசகி, ஈரோடு)

பதில்: உங்க மனசு புரியுதுங்க, எனக்கும் அது கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒரு பேர் யாருக்குச் சொந்தம்னு சண்டை வந்தா போய்ப் பார்க்க, மாதிரியா எடுத்து வச்ச ஒரு உடம்பு இருக்கணும். ஃபுர்சிஃபர் வோல்ட்ஸ்கோவின்னு ஒரு பச்சோந்திக்கு 1893ல பேர் வச்சாங்க, பின்னாடி வந்தவங்க இது தனி இனமே இல்ல, ஃபுர்சிஃபர் ரைனோசெரட்டஸ்தான்னு அதுக்குள்ள சேர்த்துட்டாங்க. 2018ல பழைய மியூசியம் மாதிரிகளை எடுத்து ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டுத்தான் இல்லப்பா இது தனி இனம்தான்னு திரும்பப் பிரிச்சாங்க. அந்த பாட்டில் இல்லன்னா என்னத்தைப் பார்க்கிறது? அதே வருஷம் மழைக்காலம் முடியிற நேரத்துல மடகாஸ்கர்ல அந்த இனத்தைத் தேடிப் போனாங்க. ராத்திரி டார்ச் அடிச்சா கிளையில தூங்குற பச்சோந்தி வெளிறித் தெரியும், அப்படித்தான் தேடுவாங்க. வடமேற்குல கட்செபிங்கிற ஊர்ல, பராமரிப்பில்லாத ஒரு ஹோட்டல் தோட்டத்துல கிடைச்சுது! அதுவரைக்கும் இந்த இனத்துல ஆண் மட்டும்தான் தெரியும், பெண் எப்படி இருக்கும்னே யாருக்கும் தெரியாது. முட்டை சுமக்கும்போதும், ஆணைப் பார்க்கும்போதும், மிரளும்போதும் அது காட்டுற நிறம் இருக்கே, அது இந்த ஆய்வாலதான் உலகத்துக்கே தெரிய வந்துச்சு. 2020ல சலமாண்ட்ராங்கிற ஆய்வு இதழ்ல படத்தோட கட்டுரை வந்திருக்கு, தேடிப் பாருங்க.