சுழி பார்த்தாயிற்று, வண்டித் தரையைப் பார்த்தீர்களா?

குதிரை வளர்ப்பு: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் இந்த வருடம் ஒரு மார்வாரிப் பெட்டைக் குதிரை வாங்கலாம் என்று இருக்கிறோம். அங்கிருந்து வண்டியில்தான் கொண்டுவர வேண்டும். போன வருடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிய குதிரை, பின்னங்கால் இரண்டும் தோல் உரிந்து வந்து சேர்ந்தது. காலுக்கு ஏதாவது கட்டி ஏற்றினால் போதுமா? மெடிக்கல் கடையில் விற்கும் கிரேப் பேண்டேஜைக் கட்டலாமா?
– ஒரு வாசகர், சின்னமனூர்

பதில்: கட்டினால் மட்டும் போதாது. கட்டத் தெரியாமல் கட்டுவதற்குக் கட்டாமலே விட்டுவிடலாம். வழியில் குதிரையின் காலைக் காப்பது முதலில் வண்டியின் தரை, அடுத்து ஓட்டுநரின் நிதானம். நீங்கள் சுற்றும் துணி அதற்கெல்லாம் அப்புறம்தான்.

நான் அந்த வட்டாரத்தில் வேலை பார்த்தபோது ஆடிச் சந்தைக்குத் தவறாமல் போவேன். கத்தியவார், மார்வாரி, பால் போல வெளுத்த நுக்ரா என்று வகைவகையாக நிற்கும். வாங்க வருகிறவர்கள் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று ஒவ்வொரு சுழியாகத் தடவிப் பார்ப்பார்கள். பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பேரம் முடியவே பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு கிடைத்த வண்டியில் ஏற்ற வேண்டியதுதான். அந்த வண்டி காலையில் எதை இறக்கிவிட்டு வந்தது, அதன் தரை எப்படி இருக்கிறது என்று கேட்க ஆளே இருக்காது. சுழி பார்க்கிற நேரத்தில் பாதியையாவது அந்தத் தரைக்குக் கொடுங்கள் என்று அப்போதும் சொல்வேன், இப்போதும் சொல்கிறேன்.

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். சதையே இருக்காது. எலும்பு, தசைநாண், அதன்மேல் தோல், அவ்வளவுதான். பின்னங்காலிலும் முட்டிக்குக் கீழே இதே கதைதான். உடம்பில் ஒரு கீறல் பட்டால் சீக்கிரம் ஆறிவிடும். இங்கே பட்டால் இழுத்துக்கொண்டே போகும். புண்ணுக்கு வெளியே சதை பிதுங்கி வளர்ந்து மூடவிடாமல் செய்யும். அதைவிட மோசமான இடம் குளம்பும் மயிரும் சேருகிற விளிம்பு. குளம்பு வளர்வதே அங்கிருந்துதான். ஒரு நுக்ராவைச் சந்தையிலிருந்து கொண்டுபோன மறுநாள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டி குலுங்கும்போது தடுமாறி, ஒரு பின்னங்காலின் லாடத்தால் இன்னொரு காலின் விளிம்பை மிதித்து வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டு என்னவோ அரை விரல் நீளம்தான். ஆனால் அந்த இடத்துக்கு நேர் கீழே குளம்பு கோடு விழுந்தே வளர்ந்தது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராத குளம்பு அது. மேல் விளிம்பில் பட்ட குறை கீழே நுனிவரை இறங்கி வெட்டுப்பட ஒரு வருடம் ஆகிவிடும். அதுவரை லாடக்காரர் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆணி அடித்தார்.

குதிரை ஏன் தடுமாறுகிறது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். வண்டி ஓடும்போது அது கால்களை அகட்டி வைத்து நின்றுதான் உடம்பைச் சமாளிக்கும். அகட்ட இடம் இல்லாவிட்டாலும், தரை வழுக்கினாலும், கால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். சரக்கு வண்டிகளின் இரும்புத் தகட்டில் வெறும் வைக்கோலைப் பரப்புகிறார்கள். மூத்திரம் பட்டதும் வைக்கோல் தகட்டின்மேல் சறுக்க ஆரம்பித்துவிடும். முதலில் ஈர மணலை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போடுங்கள். ரப்பர் பாய் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய கன்வேயர் பெல்ட் வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எதைப் போட்டாலும் ஓரங்கள் நகராமல் இறுக்கிவிடுங்கள். பாயே நகர்ந்தால் குதிரையும் அதோடு நகரும்.

அப்புறம், வண்டிக்குள் நீங்களே ஏறி, உங்கள் முழங்கால் உயரம்வரை பக்கச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கயிறு மாட்டும் கொக்கி, துருத்திய போல்ட், வெல்டிங் முனை என்று ஏதாவது ஒன்று அகப்படாமல் போகாது. எடுக்க முடிந்ததை எடுங்கள். முடியாததன்மேல் வைக்கோல் திணித்த சாக்கை வைத்துக் கட்டுங்கள்.

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978-இல் வந்த போக்குவரத்து விதிகளில் குதிரைக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. சாதாரணச் சரக்கு வண்டி என்றால் தரையில் வழுக்காத பொருள் போட வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாத மூங்கில், பின்னால் இரண்டு உறுதியான கட்டைகள் இருக்க வேண்டும். குதிரையின் தலை இடப்பக்கம், கடந்து போகும் வண்டிகளைப் பார்க்காதபடி இருக்க வேண்டும். கூட ஓர் ஆள் போக வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பயணம் செய்யத் தகுதியான குதிரை என்று கால்நடை மருத்துவரின் சான்றிதழும் வேண்டும். அந்தியூரிலிருந்து சின்னமனூர் 250 கிலோமீட்டருக்கு மேல். இந்த வேகத்தில் நடுவில் நிறுத்தி நிறுத்திப் போனால் ஒரு முழுப் பகல் ஆகிவிடும். ஓட்டுநரிடம் வாடகை பேசும்போதே இதைச் சொல்லிப் பேசுங்கள். ராத்திரிக்குள் இன்னொரு லோடு எடுக்க வேண்டிய ஓட்டுநர் பிரேக்கை எப்படி மிதிப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது கட்டு விஷயம். கிரேப் பேண்டேஜைத் தோலின்மேல் நேராகச் சுற்றவே கூடாது. அது இழுபடும் துணி. சதையில்லாத இடத்தில் இழுத்துச் சுற்றினால் பின்பக்கத் தசைநாணை அழுத்தி, நாண் வீங்கி, குதிரை நொண்டும். தோல் நசுங்கிய இடத்தில் பிறகு வெள்ளை மயிர் முளைத்திருப்பதைச் சில குதிரைகளில் பார்க்கலாம்.

கட்டுவதாக இருந்தால் உள்ளே ஓர் அங்குலக் கனத்துக்குப் பஞ்சுத் திண்டு வேண்டும். பழைய பஞ்சு ரஜாயை வெட்டித் தைத்துக்கொண்டாலும் சரி. காலைத் துடைத்து, மணலும் ஈரமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணல் துகள் மாட்டினாலும் வழியெல்லாம் அறுத்துக்கொண்டே வரும். திண்டு முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கி, குளம்பின் மேல் விளிம்பையும் குதிப்பக்கத்தையும் மூட வேண்டும். சந்தையில் பார்க்கிற கட்டுகளில் பாதி இந்தக் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டுத்தான் இருக்கும். வெட்டு விழுவதோ அங்கேதான். திண்டில் சுருக்கமே இருக்கக் கூடாது. துணியைக் காலின் நடுவில் தொடங்கி, முன்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பின்னால் கொண்டுபோய், உள்பக்கமாக முன்னால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடியபடி கீழே இறங்கி, மறுபடி மேலே ஏற வேண்டும். இழுவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். மேலேயும் கீழேயும் திண்டு அரை அங்குலம் வெளியே தெரியட்டும். முடிச்சோ ஒட்டுப் பட்டையோ காலின் வெளிப்பக்கத்தில் வர வேண்டும், துணியைவிட இறுக்கமாக இருக்கக் கூடாது. கட்டிய பிறகு மேல் விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அது அவிழ்ந்து காலில் சிக்கப்போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, பழக்கமில்லாத குதிரைக்கு வண்டி ஏற்றும் நேரத்தில் முதல்முறையாகக் கட்டாதீர்கள். காலில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று உதைக்க ஆரம்பித்துவிடும். வண்டிக்குள் உதைத்தால் கட்டு இருந்தும் பயனில்லை. விற்பவரிடம் இது கட்டுக்குப் பழகியதா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் சந்தையிலேயே தங்கி, கட்டிவிட்டு நடத்திப் பாருங்கள். உதறிக்கொண்டே இருந்தால் கட்டை விட்டுவிடுங்கள். குளம்பின்மேல் மாட்டும் மணி வடிவ ரப்பர் உறையை மட்டுமாவது முன்னங்கால்களுக்குப் போட்டு, மீதியை மணலும் வைக்கோலும் பார்த்துக்கொள்ளட்டும். இப்படித் தரையை நம்பி ஏற்றியனுப்பிய குதிரைகள் கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

உங்கள் பக்கத்துத் தோட்டத்துக் குதிரைக்குப் பின்னங்கால் இரண்டிலும் உரிந்திருப்பதைப் பார்த்தால், அது இறக்கும்போது நடந்திருக்கலாம். வண்டியிலிருந்து குதிக்கவிட்டால் பின்பலகையின் இரும்பு விளிம்பு பின்னங்காலை அப்படியே சீவிவிடும். வண்டியின் பின்பக்கத்தை ஒரு மண்மேட்டோடு ஒட்டி நிறுத்துங்கள். மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவே கால் நுழையும் இடைவெளி இருந்தால் மணல் மூட்டை போட்டு அடையுங்கள். அவசரப்படுத்தாமல், தலையைத் தாழ்த்திக் கீழே பார்க்கவிட்டு இறக்குங்கள். ஏற்றும்போதும் அப்படித்தான். பின்னால் நின்று அடிக்கிற ஆளை முதலில் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

வழியில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் கட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று நழுவியிருந்தாலும் அதை மறுபடி கட்டுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: குதிரையை இறக்கிய மறுநாள் காலையில் நாலு காலும் கீழே வீங்கியிருக்கிறது. வழியில் அடிபட்டிருக்குமோ?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: நாலு காலும் ஒரே மாதிரி வீங்கி, தொட்டால் சூடு இல்லாமல், நடையில் நொண்டல் இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். நீண்ட நேரம் நகராமல் நின்றதால் நீர் இறங்கியிருக்கிறது. கையில் பிடித்து மெதுவாக நடத்துங்கள், வற்றிவிடும். ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறது என்றால் அது வேறு. பதினைந்து இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீரைக் காலின்மேல் ஓடவிட்டு, அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடத்திப் பார்க்க வேண்டாம். இருமல், காய்ச்சல், தீனி எடுக்காமை சேர்ந்திருந்தாலும் உடனே காட்டுங்கள். தலையை உயரக் கட்டி வெகுதூரம் கொண்டுவந்த குதிரைக்கு நுரையீரலில் சளி கட்டி நோய் வருவதுண்டு. தலையைத் தாழ்த்த முடிகிற அளவுக்குக் கயிறு நீளம் விட்டு, அவ்வப்போது நிறுத்தித் தலை தாழ்த்தவிட்டால் அந்தப் பாடு குறையும்.

கேள்வி: லாடத்தைக் கழற்றிவிட்டு ஏற்றினால் காயம் வராதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பக்கத்தில் வேறு குதிரை நிற்கப்போகிறது என்றால் பின்னங்கால் லாடத்தைக் கழற்றுவது நல்ல யோசனைதான். தனியாகப் போகும் குதிரைக்குக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் லாடம் தளர்ந்திருக்கக் கூடாது. குளம்பின் வெளிச் சுவரில் கட்டைவிரலை வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். மடித்த ஆணி முனை எங்காவது நிமிர்ந்து உறுத்தினால் லாடக்காரரைக் கூப்பிட்டு மடக்கிய பிறகே வண்டி ஏற்றுங்கள். அந்த ஒரு முனை அடுத்த காலைக் கிழிக்கப் போதும்.

கேள்வி: வழியில் காலில் ரத்தக்காயம் பட்டுவிட்டால் மஞ்சள்தூள் வைத்துக் கட்டிக்கொண்டு வரலாமா? எங்கள் ஊரில் கிரீஸும் தடவுகிறார்கள்.
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: இரண்டும் வேண்டாம். காபித்தூள், சாம்பல், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தூளை அப்பினால் நான் வந்து அதைக் கழுவி எடுப்பதற்குள் புண் இன்னும் பெரிதாகிவிடும். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்து, அதை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து, மேலே பஞ்சுத் திண்டு வைத்து, நான் மேலே சொன்ன மாதிரி கட்டுங்கள். ரத்தம் பீறிட்டால் கழுவ நிற்காமல் அழுத்திப் பிடித்துக் கட்டுங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் காயம் பட்டு, மஞ்சளாகப் பிசுபிசுவென்று நீர் வடிந்தால் பயணத்தை அங்கேயே நிறுத்தி, பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் குதிரையைக் காப்பாற்றுவதே கஷ்டம்.

காயம் சின்னதாக இருந்தாலும் ரண ஜன்னி (டெட்டனஸ்) ஊசியை விட்டுவிடாதீர்கள். மற்ற கால்நடைகளைவிடக் குதிரைக்கு இந்த நோய் எளிதில் தொற்றும். வந்தால் தாடை இறுகி, உடம்பு விறைத்து, அநேகமாக இறந்துவிடும். இதனால் செத்த குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். காயம் ஆணி குத்திய அளவுதான் இருக்கும். சந்தையில் பணம் கொடுக்கும் முன்பே, ரண ஜன்னித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அப்படிப்பட்ட குதிரைக்குக் காயம் பட்டால் தடுப்பூசி மட்டும் போதாது, உடனடியாக வேலை செய்யும் எதிர்மருந்து ஊசியும் சேர்த்துப் போட வேண்டும்.